ஜன்னல் கதவும் முன்பல்லும்

உங்கள் பள்ளி வராந்தாவில் ஒரு முறை நடந்து பாருங்கள். வகுப்பறை ஜன்னல்களின் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறந்து நீட்டிக்கொண்டிருக்கலாம். நீங்கள் தலையைச் சற்று ஒதுக்கிப் போய்விடுவீர்கள். ஒதுங்கினோம் என்ற நினைவுகூட இராது.

அதே வராந்தாவில் பார்வையற்ற மாணவி ஒருத்தி வெள்ளைக் கோலுடன் வருகிறாள். கோல் தரையைத் தடவிப் படியைச் சொல்லும், தூணைச் சொல்லும், பள்ளத்தைச் சொல்லும். முகத்தின் உயரத்தில் நிற்கும் ஜன்னல் கதவை அது சொல்லாது. அதன் அடியில் புகுந்து போய்விடும். கண் எச்சரித்திருந்தால் கை முன்னே வந்திருக்கும், முகம் திரும்பியிருக்கும். இரண்டும் நடவாததால் அடி மூக்கிலோ, மேல்வரிசை முன்பற்களிலோ விழுகிறது.

அந்த அடி எவ்வளவு? ஒரு சிறு கணக்குப் போடுவோம். தலையின் நிறை 4 கிலோகிராம், நடக்கும் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்று கொண்டால், இயக்க ஆற்றல் 2 ஜூல். இத்தலை 2 மில்லிமீட்டர் தூரத்திற்குள் நின்றுவிட்டால் சராசரி விசை 1,000 நியூட்டன். சுமார் 100 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம்! (பின்னாலிருந்து உடல் தள்ளுவதை நான் சேர்க்கவில்லை.) அவ்வளவும் ஒன்றிரண்டு பற்களின் மேல் இறங்குகிறது. எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள்தான். ஆனால் கடினம் வேறு, உடையாமை வேறு, கண்ணாடியும் கடினமானதே. கதவின் விளிம்பில் 2 சென்டிமீட்டர் அமுங்கும் நுரைப்பஞ்சு இருந்தால் விசை பத்தில் ஒரு பங்காகிவிடும். ஓடி வந்து வேகம் இரு மடங்கானாலோ, விசை நான்கு மடங்கு.

ஆகவே "ஓடாதே, உட்கார்" என்று அவளை அடக்குகிறவர்கள் உண்டு. எனக்கு இது சம்மதமில்லை. ஓடுகிற வயதில் ஓடத்தான் வேண்டும். கதவைச் சுவரோடு ஒட்டத் திறந்து கொக்கி மாட்டலாம், இல்லையேல் மூடலாம். பாதி திறந்த கதவுதான் ஆபத்து. கல்வி நிலையக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையின்றி இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நாமோ ஒரு சாய்தளம் கட்டியதும் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம்.

பல் துலக்கும் பாடத்திலும் இதே கதைதான். படம் காட்டுகிறோம், "கண்ணாடியில் பார்" என்கிறோம். பிறகு பார்வையற்றவர்களுக்குச் சரியாகத் துலக்க வராது என்று முடிவு கட்டுகிறோம். குறை கற்பித்த முறையில் அல்லவா? ஜெர்மானிய அறிஞர் வெபர் 1834இல் வெளியிட்ட நூலில், காம்பஸின் இரு முனைகளைத் தோலில் வைத்துத் தொடுவுணர்வை அளந்த சோதனைகளை விவரித்தார். உடலிலேயே நுட்பமான இடம் நாக்கின் நுனி. 1 மில்லிமீட்டர் இடைவெளியைக்கூட அது பிரித்தறியும். பிரெய்ல் புள்ளிகளின் இடைவெளியோ சுமார் 2.5 மில்லிமீட்டர்! துலக்கிய பல்லின் வழவழப்பையும், அழுக்குப் படிந்த பல்லின் சொரசொரப்பையும் நாக்கு எளிதில் சொல்லிவிடும். பெரிய பல் மாதிரியொன்றையும் பிரஷ்ஷையும் கையில் கொடுத்துக் கற்பித்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் மேல் அடிபட்டு நிலைப்பல் ஒன்று முழுதாக விழுந்துவிட்டால், தரையில் தேட அவளுக்கு உங்கள் கண் வேண்டும். பல்லின் வெண்மையான மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள்; வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. மண் இருந்தால் பாலிலோ நீரிலோ மெல்ல அலசி, அதே குழியில் பொருத்தித் துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓடுங்கள். அரை மணிக்குள் போனால் மிகவும் நல்லது. வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் உலர்ந்தால் இறந்துவிடும். பால்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது. பல் உடைந்திருந்தால் துண்டையும் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பல சமயம் அதையே ஒட்டவைத்துவிடுவார்கள்.