புது பிக்கப்புக்கு எதுக்கு சூப்பர்சார்ஜர்?



எங்க பக்கம் இப்ப ஒரு புது வியாதி பரவுது. கடன்ல பிக்கப் எடுக்குற பசங்க, முதல் சர்வீஸ் முடியுறதுக்குள்ள இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர் மாட்டணும், சிப்பு மாத்தணும்னு அலையுறாங்க. எங்க பங்காளி மகன் வண்டி எடுத்து நாலு மாசம் ஆகல. போன்ல ஒரு வீடியோவைக் காட்டி, "பெரியப்பா, இதைப் போட்டா முப்பது குதிரை பலம் கூடும்"னு நிக்கிறான். வெளியூர்ப் பட்டறை ஒண்ணு ஒன்றரை லட்சம் கேட்டிருக்கு. "வாரண்டி இருக்கேடா"ன்னா, "சர்வீசுக்கு விடும்போது கழட்டிக் கொடுத்துருவாங்க பெரியப்பா" என்கிறான்.

இந்த வீடியோக்களை எடுக்குறவங்க பட்டணத்துக்காரங்க. அதனால பட்டணத்துல இருக்குற உங்ககிட்டதான் இதைச் சொல்லணும். கோபமாத்தான் சொல்றேன்.

இங்க பிக்கப்ங்கிறது விளையாட்டுச் சாமான் இல்ல. விடியக்காலம் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய், மதியம் உர மூட்டை, வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை, முகூர்த்த நாள்ல சமையல் பாத்திரம், எல்லாத்துக்கும் அதே வண்டிதான். ரெண்டு நாள் நின்னா அந்த மாசத் தவணை இடிக்கும். ரெண்டு வாரம் நின்னா பைனான்ஸ்காரர் வீட்டு வாசல்ல நிப்பார். அந்த வண்டியோட இன்ஜின்ல போய் சோதனை பண்ணிப் பாருன்னு சொல்றதுக்கு இவங்களுக்கு என்ன உரிமை இருக்கு?

சூப்பர்சார்ஜர்னா இன்ஜின் சுத்துறதுலேயே பெல்ட் போட்டு ஓட்டுற காத்து பம்பு. டர்போவும் அதே வேலைதான், ஆனா அது வீணாப் போற புகையோட வேகத்துல சுத்தும். நம்ம டீசல் பிக்கப்புகள்ல டர்போ கம்பெனியிலேயே வந்துருது. அதுக்கு மேல இன்னொரு பம்பு எதுக்கு? டீசல் இன்ஜின்ல காத்தை மட்டும் கூட்டினா பலம் வராது, டீசலையும் கூட்டணும். அந்தக் காலத்து வண்டியில பம்புல ஒரு ஸ்குரூவைத் திருகினாப் போதும், கரும்புகை கக்கிக்கிட்டு இழுக்கும். இப்ப எவ்வளவு டீசல் பீச்சணும்னு முடிவு பண்றது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அதுக்குள்ள இருக்குற கணக்கை மாத்தி எழுதினாத்தான் வேலை நடக்கும். எழுதினா சூடு ஏறும். ஹெட் கேஸ்கெட், கிளட்ச், கியர்பாக்ஸ்னு பழைய பலத்துக்குக் கணக்குப் போட்டுச் செஞ்ச சாமானெல்லாம் ஒண்ணொண்ணா அடி வாங்கும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகள்ல பெரும்பாலும் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி வேற இருக்கு. டீசல் அதிகமா எரிஞ்சு கரி கூடினா அது அடைக்கும். அதோட விலையைக் கேட்டுப் பாருங்க, தலை சுத்தும்.

கழட்டிக் கொடுத்தா தெரியாதாம்! துளை போட்ட பிராக்கெட்டும் மாத்தின குழாயும் கண்ணுக்கே தெரியும். பல வண்டிகள்ல அந்தப் பெட்டியை எத்தனை தடவை மாத்தி எழுதியிருக்குன்னே பதிவு இருக்கும்.

இவ்வளவு பலத்தை வச்சுக்கிட்டு எங்க போகப் போறான்? சித்தன்னவாசலுக்கு ஓவியம் பாக்க வந்தவங்க, ஏழடிப்பட்டம் ஏறி நின்னு சுத்திப் பாத்திருப்பீங்க. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தட்டை பூமி. எங்க ஊர்ல ஏத்தம்னு ஒண்ணு இருந்தா அது அந்தக் குன்றுதான், அதுல வண்டி போகாது.

உண்மையான காரணம் வேற. ஒன்றரை டன் ஏத்துற வண்டியில மூணு டன் ஏத்தணும். வாடகை கட்டுப்படியாகல, அது எனக்கும் தெரியும். ஆனா இன்ஜினுக்குப் பலம் கூட்டினா பிரேக்குக்குக் கூடுமா? அச்சுக்குக் கூடுமா? ஆர்.சி. புக்குல போட்டிருக்குற எடை ஒரு கிலோகூட மாறாது. அதிக பாரத்துக்கு 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதலா இருக்குற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அனுமதியில்லாம வண்டியை மாத்தினா மாத்தம் ஒண்ணுக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அந்த 2019 ஜனவரியிலதான் கேரளத்து வழக்கு ஒண்ணுல, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல தேடுறதும் இதைத்தான். வீடியோவுல இதை ஒருத்தனும் சொல்றதில்ல.

நான் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குறேன்னு நினைக்காதீங்க. வாரண்டி அவங்க போடுற பிச்சை இல்ல, வண்டி விலையோட சேர்த்து நாம காசு கொடுத்து வாங்கினது. ஆனா வெளியில ஆயில் மாத்தினியா, வேற மெக்கானிக் கை வச்சானான்னு ஏதாவது சாக்கு சொல்லிக் கைய விரிக்கிற கவுண்டரை நானும் பாத்திருக்கேன். இதுக்கு எதிரா நம்ம கையில ஒரு ஆயுதம் இருக்கு, பலருக்குத் தெரியாது. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது பாக்குற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமப் பண்ணினதுக்கு. வெளியில பழுது பாத்தாங்கிற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமா ரத்து பண்ணக் கூடாது, வெளி வேலையால என்ன கெட்டுப்போச்சோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம்னு அந்த உத்தரவுலயே எழுதியிருக்கு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை.

இந்த நியாயத்தைத்தான் சூப்பர்சார்ஜர் போட்டவன் பாழாக்குறான். ஜன்னல் மோட்டார் கெட்டாலோ ஸ்டீரிங் கெட்டாலோ, "இன்ஜினைத் தொட்டதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"னு நாம சண்டை போடலாம், ஜெயிக்கலாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் போனா என்ன வாதாடுவான்? அதுதான் விலை கூடின பாகம், வாரண்டியே அதுக்குத்தான் வேணும். கம்பெனிக்காரன் தேடுற சாக்கை இவன் ஒன்றரை லட்சம் செலவு பண்ணி அவன் கையில கொடுக்குறான்.

அமெரிக்காவுல போடுறாங்களேம்பான். போடுறாங்க. அங்க 1975-லயே வாரண்டிக்குன்னு தனிச் சட்டம் வந்துருச்சு. வெளிச் சாமான் போட்டதாலதான் கெட்டுதுன்னு கம்பெனிதான் நிரூபிக்கணும். டொயோட்டா கம்பெனியே தன்னோட டண்ட்ரா பிக்கப்புக்கு சூப்பர்சார்ஜர் வித்துச்சு, டீலர் கையால மாட்டினா வாரண்டியும் நின்னுச்சு. அது பெரிய பெட்ரோல் இன்ஜின், ஓட்டுறவனுக்கு அது ஆசை வண்டி. இங்க நான் விசாரிச்ச டீலருங்க யாருகிட்டயும் அப்படி ஒரு வழி இல்ல. அவன் சட்டமும் இல்லாம, அவன் இன்ஜினும் இல்லாம, அவன் வீடியோவை மட்டும் கொண்டு வந்தா எப்படி?

பங்காளி மகன்கிட்ட சொல்லிட்டேன்: ஒன்றரை லட்சத்துல நல்லதா நாலு டயர் வாங்கு, மிச்சத்தைத் தவணையில முன்கூட்டியே கட்டு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான், பரவாயில்ல.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. இதைப் படிக்கிறவங்கள்ல சிலபேர் ஒரகடம், மறைமலைநகர் பக்கம் வண்டிக் கம்பெனிகள்ல வேலை பாக்குறீங்க. இந்தப் பையனுக்குக் கொடுத்த வாரண்டி புத்தகம் முழுக்க இங்கிலீஷ். எதைத் தொட்டா வாரண்டி போகும், எதைத் தொட்டாப் போகாதுன்னு ஒரே ஒரு பக்கம் தமிழ்ல அச்சடிச்சு வண்டிச் சாவியோட கொடுக்கச் சொல்லி உங்க ஆபீஸ்ல கேளுங்க.