சட்டசபையிலிருந்து சிறைக்கு

சட்டசபை அங்கத்தினர் உயர்பதவியை நாடினால், ஓட்டளித்த மக்களை ஏணியாக்கி ஏறிவிட்டு, பிறகு அவர்களை மறப்பதுதான் நாம் வழக்கமாகக் காணும் காட்சி. அமெரிக்காவின் யூஜின் டெப்ஸ் அப்படி ஏறியவரல்ல.

இளமையில் ரயில் எஞ்சினில் பயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டவர் அவர். 1884ல் ஜனநாயகக் கட்சியின் பெயரில் இந்தியானா மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேலையில் அடிபடும் ரயில்வேத் தொழிலாளிக்குக் கம்பெனி நஷ்டஈடு தரவேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். கீழ்ச்சபையில் அது நிறைவேறியது. மேல்சபையோ அதன் உயிர்நாடியையே அறுத்துவிட்டது! மறுபடி அந்தச் சபைக்கு அவர் போட்டியிடவில்லை.

1894ல் புல்மன் ரயில்பெட்டித் தொழிலாளருக்காக அவரது சங்கம் ரயில்களை நிறுத்தியபோது, பட்டாளத்தை ஏவியவர் யார்? அதே ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி கிளீவ்லண்டு! கோர்ட்டுத் தடையை மீறியதாக டெப்சுக்கு ஆறு மாதச் சிறை. அங்கே மார்க்சைப் படித்தார்.

1900 முதல் ஐந்து முறை சோஷலிஸ்டாக ஜனாதிபதி பதவிக்கு நின்றார். தோற்கப் போகிறவர் ஏன் நின்றார் என்று சிலர் கேட்கலாம். பத்திரிகைகள் முதலாளிகள் கையில் இருந்த நாட்டில், தொழிலாளியின் நியாயத்தை ஊர்தோறும் எடுத்துச் சொல்லத் தேர்தல் மேடை இருந்தது. அதற்கென்றே 1908ல் 'சிவப்பு ரயில்' ஏறிச் சுற்றினார்.

1918ல் காண்டன் நகரில் யுத்தத்தை எதிர்த்துப் பேசினார், பத்தாண்டுத் தண்டனை. 1920 தேர்தலில் அட்லாண்டா சிறையின் 9653ம் நம்பர் கைதியாகவே நின்று, 9 லட்சத்துக்கு மேல் ஓட்டுகள் பெற்றார். 1921 கிறிஸ்துமஸ் நாளில் அவர் விடுதலையாகி வெளியேறியபோது, உள்ளிருந்த கைதிகள் ஆயிரக்கணக்கில் ஆரவாரித்து வழியனுப்பினர்.