வாடைக்காற்றில் தீவகம் செல்வோருக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் விடுமுறையில் கனடாவிலிருந்து வந்த என் பெறாமகன், யாழ்ப்பாணத்தில் இறங்கியதுமே ஒரு பயணத் திட்டத்தைக் காட்டினான். முதல் நாள் காலை நயினாதீவு, மதியம் நெடுந்தீவு. மறுநாள் எழுவைதீவும் அனலைதீவும். மூன்றாம் நாள் கொழும்பு, இரவு விமானம்.

“எல்லாம் கணக்குப் போட்டிருக்கிறன் சித்தப்பா” என்றான்.

“காற்றையும் கணக்குப் போட்டனியோ?” என்று கேட்டேன். சிரித்தான்.

புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கு விடுமுறை கிடைப்பதோ டிசம்பரில். ஒக்டோபர் தொடக்கம் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலம் அது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். காற்று சற்று வலுத்தாலும் குட்டையான, செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து எழும்பிவிடும். பெரிய கப்பல்களுக்கே இந்தக் காலம் ஒத்துவருவதில்லை. 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி ஆரவாரத்துடன் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் சேவை, பருவமழையை முன்னிட்டு அதே மாதம் 20 ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு ஓகஸ்டில்தான் மீண்டும் தொடங்கியது. நெடுந்தீவைக் களமாகக் கொண்டு செங்கை ஆழியான் எழுதிய நாவலின் பெயரே ‘வாடைக்காற்று’ என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள்.

மறுநாள் விடிகாலையில் புறப்பட்டுக் குறிகாட்டுவான் இறங்குதுறையை அடைந்தபோது, படகு எதுவும் ஓடாது என்றார்கள். பெறாமகனுக்குக் கோபம். கூடுதலாகப் பணம் கொடுத்தால் தனியார் வள்ளம் ஏதாவது போகாதா என்று விசாரிக்கத் தொடங்கினான். அவனைத் தடுத்துவிட்டேன். கடலைத் தினமும் பார்க்கிறவன் இன்று வேண்டாம் என்றால், அவனுக்குப் பணத்தைக் காட்டுவது பாவம். அவனுக்கும் பிள்ளைகள் உண்டு.

அங்கே ஒரு மூதாட்டி உரப்பை ஒன்றின் அருகில் அமர்ந்திருந்தார். முதல் நாள் யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் வந்தவர். உறவினர் வீட்டில் இரவு தங்கி, நெடுந்தீவுக்குத் திரும்பக் காத்திருந்தார். “தம்பி கனடாவோ? எங்கட ஊரைப் பாக்க மாரியிலயோ வந்தனீங்கள்?” என்று கேட்டுவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்.

எனக்கு உறுத்துவது இதுதான். படகை நிறுத்துவது சரியான முடிவு. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்த முடிவு, பஸ் ஏறி முப்பது கிலோமீற்றருக்கு மேல் வந்த பிறகு இறங்குதுறையில் தெரியவேண்டியதா? மீனவர்களுக்கான கடல் எச்சரிக்கையை வளிமண்டலவியல் திணைக்களம் முன்கூட்டியே விடுக்கிறது. அன்று மாலையே யாழ். பஸ் நிலையத்தில் ஒரு பலகையில் எழுதிவைக்க என்ன செலவு? சுற்றுலா வந்தவனுக்குப் போவது ஒரு காலைப்பொழுது. தீவாருக்கோ ஒரு நாள் கூலி, இன்னொரு வீட்டில் இன்னோர் இரவு.

மாரியில் வந்தே ஆகவேண்டியவர்களுக்குச் சொல்லக்கூடியது அதிகமில்லை. தூரத்துத் தீவை முதல் நாளுக்கு வையுங்கள். விமானத்துக்கு முதல் நாளில் கடலை நம்பாதீர்கள். போவது வேறு, திரும்புவது வேறு. ஆகவே மாற்றுடையும் மாத்திரைகளும் கையில் இருக்கட்டும். கடல் மறித்தால் தரை இருக்கிறது: பண்ணைப் பாலத்தால் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, பொன்னாலைப் பாலத்தால் காரைநகர். ஊர்காவற்றுறைக் கரையில் நின்று கடற்கோட்டையைப் பார்ப்பதற்குப் படகு தேவையில்லை. நாங்கள் அன்று அதைத்தான் செய்தோம். (சோளகக் காலத்திலும் இந்தக் கடல் குழம்பும். வசதியுள்ளவர்கள், கச்சதீவுத் திருவிழா நடக்கும் பெப்ரவரி – மார்ச் காலத்தில் வரலாம்.)

மறுநாள் காற்றுத் தணிந்தது. காலையில் நயினாதீவு சென்று நாகபூசணி அம்மனைத் தரிசித்துத் திரும்பினோம். அதே மூதாட்டி அதே இடத்தில் இருந்தார். நண்பகலுக்குப் பின் நெடுந்தீவுப் படகு புறப்படத் தயாரானது. மாலையில் அது திரும்புமா என்று கேட்டோம். சொல்ல முடியாது என்றார்கள். பெறாமகன் கடலைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு மூதாட்டியின் உரப்பையைத் தூக்கிப் படகில் வைத்துவிட்டு, கரையிலேயே நின்றுகொண்டான்.