பழைய சோலார் பேனலை யார் எடுப்பார்கள்? கே.ஜி.எஃப் சொல்லும் பாடம்

கே.ஜி.எஃப்னா உங்களுக்கு சினிமாதான் ஞாபகம் வருதா? சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கம்பி இழுத்து, 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் அது. தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாக உழைத்த அந்தத் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த கழிவு மண் மட்டும் இன்றும் குன்று குன்றாக நிற்கிறது.

சோலார் உலகின் இன்றைய 'தங்கம்' பெரோவ்ஸ்கைட். கரிம மூலக்கூறு, ஈயம், அயோடின் சேர்ந்த கலப்புப் படிகம். மை மாதிரி பூசியே சோலார் செல் செய்யலாம். இதே வகைப் பொருளில் மின்சாரம் பாய்ச்சினால் எல்.இ.டி போல ஒளிரும். 2009-ல் ஜப்பானின் மியாசகா குழு காட்டிய செயல்திறன் 3.8 சதவீதம், இன்று ஆய்வகத்தில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

அப்போ சிக்கல் என்ன? ஈரமும் வெப்பமும் பட்டால் சீக்கிரம் சிதையும். பேனல் உடைந்து மழை பட்டால் ஈயம் மண்ணில் கசியலாம். அளவு குறைவுதான், ஆனால் தண்ணீரில் கரையும் வடிவில் இருக்கிறது.

நம் நாட்டின் 2022 மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் உண்டு. 2034-35 வரை சேரும் கழிவைத் தயாரிப்பாளர் சேமித்து வைக்க வேண்டும். சேமிப்பது பாதி வேலைதான். ஈயத்தைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு, பேனல் கூரை ஏறும் முன்பே தயாராக வேண்டும். கே.ஜி.எஃப்-ல் அந்தக் கணக்கைக் கடைசிக்குத் தள்ளியதன் விலையை, சுரங்கத்தை நம்பியிருந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் தூசியாகச் சுவாசிக்கிறார்கள்.