ஒரே குரலில் ஒரு சிண்ட்ரெல்லா

நார்வேயில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஆண்டுதோறும் ஒரு செக் படத்தை அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்புகிறது. செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து 1973-இல் எடுத்த ‘சிண்ட்ரெல்லாவுக்கு மூன்று கொட்டைகள்’. இளவரசன், சித்தி, சிண்ட்ரெல்லா என அத்தனை பேருக்கும் க்னுட் ரீசான் என்ற ஒரே ஆண் நடிகர்தான் நார்வே மொழியில் குரல் கொடுத்திருக்கிறார். தொழில்முறையில் பார்த்தால் குறைபாடுள்ள டப்பிங்தான். ஆனால் அதை மாற்றக்கூடாது என்பதே என் கட்சி. ஒருவர் மடியில் உட்காரவைத்துக் கதை சொல்லும் சுகம் அதில் இருக்கிறது. உதட்டசைவுக்கு ஒட்டிய குரல்களில் அது கிடைக்காது. 2021-இல் நார்வேக்காரர்களே இந்தக் கதையைப் புதிதாகப் படமாக்கினார்கள். பழையதன் இடம் அப்படியே இருக்கிறது.

சிறுவயதில் பனியும் குதிரையும் அரண்மனை நடனவிருந்துமே கண்ணில் படும். வளர்ந்தபின் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. இந்தச் சிண்ட்ரெல்லா குதிரையேறுகிறாள், குறிதவறாமல் அம்பெய்கிறாள், தன்னை மணக்க வந்த இளவரசனிடமே விடுகதை போட்டுப் பதில் கேட்கிறாள். அவளை எழுதிய ஃப்ரான்டிஷெக் பாவ்லிச்செக், 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படைகள் நுழைந்த பிறகு எழுதத் தடைவிதிக்கப்பட்டவர். அதனால் திரையில் அவர் பெயரே வரவில்லை. பொஹுமிலா செலென்கோவா என்ற பெண் தன் பெயரைக் கொடுத்து உதவினார். பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் படத்தை மறுபடி பார்க்கும் பெற்றோர், பாவ்லிச்செக்கைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெயரைக் கடன் தந்த அந்தப் பெண்ணைப் பற்றியும்தான்.