நந்தினிக்குக் குரல் உண்டு, பண்டாரத்தாருக்கு இல்லை

ஒலிநூல் கேட்பது வாசிப்பாகாது என்று இலக்கிய நண்பர்கள் சிலர் ஓயாமல் எழுதிவருகின்றனர். உத்திரமேரூர்ப் பக்கத்தவர்களாகிய நமக்கு இவ்வாதம் வேடிக்கையாகவே இருக்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. குடவோலை என்றதும் குடமும் ஓலையும் நம் நினைவில் நிற்கின்றன, வாசிப்பு நிற்பதில்லை. சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். பின்னர் மண்டபத்திலிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதன்பிறகே பெயர் ஏற்கப்படும். காதை நம்பிய ஊர்தான்; ஆனால் ஒற்றைக் குரலை நம்பிய ஊர் அன்று.

நம் குறை கேட்பதில் இல்லை, கேட்கக் கிடைப்பதில் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1999இல் நாட்டுடைமையானது. பம்பாய் கண்ணன் அதைப் பல குரல்களைக் கொண்டு ஒலிநூலாக்கினார். நல்ல முயற்சி, பழுது சொல்ல மாட்டோம். ஆனால் வகுப்பில் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிக் கேட்டால் முதலில் எழும் பெயர் நந்தினி! அவள் கல்கியின் கற்பனை. உடையார்குடிக் கல்வெட்டு சொல்லும் துரோகிகள் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோர். அவர்கள் நிலம் பறிமுதலான செய்தி இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில் வருகிறது. இக்கொலையில் உத்தம சோழனுக்குப் பங்குண்டு என நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். ஒரே சான்று, இரு பேரறிஞர், இரு முடிவு. இதைவிட விறுவிறுப்பான அத்தியாயம் எந்த நாவலில் இருக்கிறது? பேருந்தில் காதுக்கருவியோடு கல்லூரிக்கு வரும் நம் பிள்ளைகளின் காதில் இது விழுவதே இல்லை.

வரலாற்று நூலில் அடிக்குறிப்பும் ஆண்டும் மலிந்திருக்கும், கேட்பவருக்குச் சலிக்கும் என்பர். கதாகாலட்சேபத்தில் மூன்று மணி நேரம் மூலமும் உரையும் மாறிமாறிக் கேட்டுத் தலையாட்டிய சமூகத்துக்கா சலிக்கும்? பண்டாரத்தார் மறைந்தது 1960இல். அவரது 'பிற்காலச் சோழர் சரித்திரத்தை' ஒலிநூலாக்க இன்று பதிப்புரிமைத் தடையும் இல்லை. நந்தினிக்கும் பழுவேட்டரையருக்கும் தனித்தனிக் குரல் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, கல்வெட்டின் ஊரையும் ஆட்சியாண்டையும் இடையிட்டுச் சொல்ல இரண்டாவது குரல் ஒன்று அகப்படாதா?