சின்ன வயிறும் பெரிய கவளமும்



மஃரிப் தொழுதுவிட்டு எங்கள் தெருவழியே நடந்து வந்தால், ஏதேனும் ஒரு வீட்டு வாசலிலிருந்து அந்தக் குரல் கேட்காமல் இருப்பதில்லை. "ஒரே ஒரு வாய்தான் ராஜா, இதோட போதும்!" என்று ஓர் உம்மா கெஞ்சுவார். அடுத்த கணமே, "இப்ப முழுங்கலேன்னா பூச்சாண்டிகிட்டப் பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று மிரட்டுவார். பிள்ளையோ சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் அமர்ந்திருக்கும். முன்பு நிலாவையும் காக்கையையும் காட்டி ஊட்டினார்கள். இப்போது கைப்பேசியைக் காட்டுகிறார்கள். நிலாவைப் பார்த்த பிள்ளை இடையிடையே தாயின் முகத்தையும் பார்த்தது. கைப்பேசியைப் பார்க்கும் பிள்ளை தான் உண்பதைக்கூட அறிவதில்லை.

ஊரார் வீட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. மத்ரஸாவில் நாற்பது பிள்ளைகளை வரிசையாக அமர்த்தி அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும் எனக்கு, என் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றை உண்ணவைக்கத் தெரியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, என் இளைய மகன் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். மனைவியின் கையிலிருந்த சோற்றை நான் வாங்கினேன். அவன் மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்காக வாய் திறந்தபோது கவளத்தைத் திணித்தேன். பிள்ளைக்குப் புரையேறி, முகம் சிவந்து, உண்டது அனைத்தையும் வாந்தி எடுத்தான். என் மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஓதவர்ற பிள்ளைங்க வாயில எழுத்தையும் இப்படித்தான் திணிப்பீங்களா?"

அதன்பின் பல நாட்கள், என் கையில் தட்டைக் கண்டாலே அவன் உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான்.

மறுவாரம் மருத்துவரிடம் சென்றோம். பசி உண்டாக்கும் மருந்து எழுதித் தருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ பிள்ளையை எடைபோட்டு, வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைத்து, "நன்றாகத்தான் வளர்கிறான்" என்றார். பிறகு அவர் விளக்கியதை எல்லாத் தாய்மாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஏறத்தாழ 3 கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தை, முதல் ஆண்டு நிறைவில் சுமார் 9 கிலோ ஆகிறது. அதாவது ஓராண்டில் 6 கிலோ ஏறுகிறது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. நடக்கத் தொடங்கிய பிள்ளை சோற்றை மறந்து ஓடுவது நோயன்று, இயற்கை. கண்ணேறு பட்டுவிட்டது என்று நாம் எண்ணுவதும் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். ஓதி ஊதுவதை நான் தடுக்கவில்லை. ஓதிவிட்டு எடையும் போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

"சோற்றைத் தவிர வேறென்ன உண்கிறான்?" என்று அவர் கேட்டபோதுதான் எங்கள் குட்டு வெளிப்பட்டது. சோறு உண்ணவில்லையே என்ற கவலையில் நாளொன்றுக்கு நான்கு தம்ளர் பால் கொடுத்துக்கொண்டிருந்தோம். அழுதால் பிஸ்கட். மூத்தவாப்பா கடைக்குப் போனால் ஒரு பொட்டலம் காரத் தீனி. அந்தச் சின்ன வயிற்றில் சோற்றுக்கு எங்கே இடம்? ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் பாலுக்கு மேல் தேவையில்லை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதையே நிறையக் குடிக்கும் பிள்ளைக்கு இரத்தசோகை வரும். இரத்தசோகை வந்தால் பசி இன்னும் மங்கும்.

நான் கலைப் பட்டதாரி. மருத்துவ நூல்கள் எனக்குப் பழக்கமில்லை. எனினும் அன்று தொட்ட ஆர்வத்தில் தேடிப் படித்தபோது, கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரின் ஆய்வைக் கண்டேன். அவர் 1926-ஆம் ஆண்டில் தொடங்கினார். பால்குடி மறக்கும் பருவத்துக் குழந்தைகள் 15 பேரை வைத்துப் பராமரித்து, வேளைதோறும் பலவகை உணவுகளைத் தட்டில் பரப்பி முன்னே வைத்தார். செவிலியர் ஊட்டவும் கூடாது; 'இதைத் தின்' என்று சொல்லவும் கூடாது. பிள்ளை தானாகக் கைநீட்டினால் மட்டும் உதவலாம். ஒரு பிள்ளை காலையில் ஆரஞ்சுச் சாறும் ஈரலும் உண்டது. இரவு முட்டைகளையும் வாழைப்பழத்தையும் பாலையும் உண்டது. நம் மாமியார்கள் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்! ஆயினும் 1939-இல் அவர் எழுதியபடி, அத்தனை பிள்ளைகளும் செழிப்பாக வளர்ந்தனர். எலும்பு மெலிவு நோயுடன் வந்த ஒரு குழந்தை, அருகில் வைத்திருந்த மீனெண்ணெயைத் தானாகவே விரும்பிக் குடித்து, குணமானபின் அதை விட்டுவிட்டது.

இதைப் படித்ததும் மிட்டாய் டப்பாவைத் திறந்து பிள்ளையின் முன் வைத்துவிடாதீர்கள். அந்தத் தட்டில் இனிப்புப் பண்டமோ பொரித்த பண்டமோ இல்லை. எதை எடுத்தாலும் நல்லதாகவே இருக்கும்படி பெரியவர் தேர்ந்து வைத்தார். அதில் எதை, எவ்வளவு என்பதைப் பிள்ளை தேர்ந்தது. எல்லின் சாட்டர் என்ற உணவியல் அறிஞரும் பிற்காலத்தில் இதையே பெற்றோருக்குப் பாகம் பிரித்துக் கொடுத்தார். எதை, எப்போது, எங்கே என்பது நம் பொறுப்பு. உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. நான் அன்றிரவு மூக்கைப் பிடித்தபோது அவன் பாகத்தில் கைவைத்திருந்தேன்.

புதிய உணவைக் கண்டு பிள்ளை முகம் சுளித்தால் 'அடம்' என்று பெயர் சூட்டாதீர்கள். பொரித்த உடும்பு பரிமாறப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உண்ணவில்லை. தம் சமூகத்தார் நாட்டில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். அதைக் குறை கூறவுமில்லை. அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் எடுத்து உண்டார்கள். பழகாத உணவை மனம் ஏற்கத் தயங்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்க 10, 15 முறைகூடக் கண்ணில் காட்ட வேண்டியிருக்கும். நாமோ மூன்றாம் நாளே, "இவனுக்குக் கீரை ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் செய்த மாற்றங்கள் எளியவை. பாலை இரண்டு தம்ளராகக் குறைத்தோம். சாப்பாட்டுக்கு முந்திய இரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. சுப்ராவில் எங்களோடு அவனையும் அமர்த்தி, அவன் பங்காக இரண்டு கரண்டிச் சோறு மட்டும் வைத்தோம், தீர்ந்தால் கேட்கட்டும். பழகிய ஆணத்தோடு ஓரமாகச் சிறிது கீரையோ, முள் நீக்கிய மீனோ வைப்போம். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அரை மணி நேரத்தில், உண்டாலும் உண்ணாவிட்டாலும், முகம் கடுக்காமல் தட்டை எடுத்துவிடுவோம். 'சோறு தின்றால் சாக்லேட்' என்ற பேரத்தை நிறுத்தினோம். அது சோற்றைத் தண்டனையாகவும் சாக்லேட்டைப் பரிசாகவும் ஆக்கிவிடுகிறது. அவன் தன் கையாலேயே பிசைந்தான். பாதி பாயில் சிந்தியது, பாயைக் கழுவினோம்.

முதல் வாரம் கடினமாக இருந்தது, மறைக்கவில்லை. பிள்ளையால் அன்று, பெரியவர்களால். "என் மகன் இந்த வயசுல கொழுகொழுன்னு இருந்தான்" என்று என் உம்மா சொல்ல, என் மனைவி அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல வீடுகளில் இதைவிட மோசம். வளைகுடாவிலிருந்து வீடியோவில் பேசும் கணவர், ஸலாம் சொன்ன கையோடு, "ஏன் பிள்ளை மெலிஞ்சிருக்கான்? நீ என்னதான் பண்றே?" என்கிறார். அந்தக் கேள்வியின் சூடு ஆறுமுன்பே பிள்ளையின் வாயில் கவளமாகத் திணிக்கப்படுகிறது. சகோதரர்களே, பிள்ளையின் கன்னத்துச் சதையைத் தாயின் நன்னடத்தைச் சான்றிதழாக ஆக்காதீர்கள். கேட்பதானால் வளர்ச்சி அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அங்கன்வாடியில் கட்டணமின்றி எடைபோடுகிறார்கள்.

எடை மாதக்கணக்கில் ஏறாவிட்டாலோ, விழுங்கும்போதெல்லாம் புரையேறினாலோ, முன்பு உண்ட உணவுகளையும் ஒவ்வொன்றாக ஒதுக்கினாலோ, முகம் வெளிறி மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்றாலோ, பொறுமை காக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மண் தின்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். அடித்துத் திருத்தும் குற்றமன்று.

மாதம் ஒன்று கடந்திருக்கும். உறவினர் வீட்டு விருந்தில் மச்சான்மார் பிள்ளைகள் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தனர். என் மகனும் நடுவில் புகுந்தான். சிறுவராயிருந்த உமர் பின் அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை தட்டெங்கும் அலைந்தபோது, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தனக்கு அருகிலிருப்பதை உண்ணுமாறு நபியவர்கள் கனிவோடு கற்பித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் அவன் என் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். முள் இருக்குமே என்று பதறி நான் கைநீட்ட, அடித்துப் பிடுங்குவேன் என்று எண்ணினானோ என்னவோ, உம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவன் மென்று முடிக்கும்வரை கையை அப்படியே வைத்திருந்தேன். பிறகு முள் நீக்கிய இன்னொரு துண்டை நீட்டினேன். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

கத்தரிக்காயை மட்டும் இன்றளவும் அவன் தொடுவதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் தொடுவதில்லை.